ஒரு வெள்ளி வழக்குச் செலவு

நீதிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. நாட்டை இழந்தவர்கள் உண்டு. நீதி என்ற ஒன்று இல்லாவிட்டால் சூரியன் உதிப்பதில் அர்த்தமே இல்லை என்று ஹேமநாதன் பல மேடைகளில் பேசியிருக்கிறார். இந்த வழக்கில் அவர் நீதிக்காக அதுவரை கொடுத்திருந்தது வக்கீல் கட்டணத்தின் முதல் தவணை மட்டும். இரண்டாவது தவணையைக் கேட்டு வக்கீல் யுகேந்திரன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்குக் கீழே நீல டிக் விழுந்திருந்தது. பதில் விழவில்லை.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் பேருந்து நிறுவனம் ஹேமநாதனுடையது. பெயர்ப்பலகையில் அப்படித்தான் இருந்தது. எந்த வண்டி எந்த வாசலுக்குப் போக வேண்டும், எந்த ஓட்டுநருக்கு முதுகுவலி, எந்த வண்டிக்கு வங்கித் தவணை பாக்கி என்பதெல்லாம் தெரிந்தவர் அவர் மனைவி கஸ்தூரி. நிறுவனத்துக்கு அவர்கள் இருவர்தான் இயக்குநர்கள். பேருந்துக் கடனுக்கு இருவரும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹேமநாதன் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அதோடு அதை மறந்துவிட்டார். கஸ்தூரியால் மறக்க முடியவில்லை.

வழக்கு தொடங்கிய இடம் ஒரு விருந்து. செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்து, தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகும் இருந்த இடத்தைவிட்டு நகராத ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மண்டபம் கட்ட நிதி திரட்டும் விருந்து அது. முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் ஹேமநாதன். முன்வரிசையில் டயர் கடை ரபேல். பள்ளியில் ஹேமநாதனுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர்; இன்றுவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். தலைவர் கையால் ரபேல் தோளில் பொன்னாடை விழுந்தது. அடுத்து மைக் ரபேல் கைக்கு வந்தது.

“நம்ம ஹேமாண்ணன் பிள்ளைங்கள இத்தன வருசமா ஓசியில பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கிட்டுப் போறாரு. நான் என்னா செஞ்சேன்? ஒன்னும் செய்யல! இன்னிக்குச் சொல்றேன், எழுதி வச்சிக்குங்க. அண்ணன் கம்பெனியில எத்தன பஸ் ஓடுதோ, அத்தனைக்கும் இந்த வருசம் பூரா டயர் என் செலவு!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ரபேல் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைக்கில் சொல்லப்படுபவற்றுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. சொன்ன அன்று கைதட்ட வேண்டும். மறுநாள் யாரும் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. கொடுத்தால் நன்றி. கொடுக்காவிட்டாலும் அடுத்த ஆண்டு விருந்தில் பொன்னாடை உண்டு. அறிவித்த தொகையும் வந்து சேர்ந்த தொகையும் ஒன்றாக இருக்கும் என்று எந்தத் தலைமையாசிரியரும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்ப்பவர் இடமாற்றல் கேட்பது நல்லது.

அதே மேடையில் ஹேமநாதன் தம் பங்குக்கு மண்டபத்துக்கு இருபதாயிரம் வெள்ளி, பத்திரத்தில் எழுதினால் ரிங்கிட், அறிவித்து, ஆள் உயர மாதிரிக் காசோலையைத் தலைமையாசிரியை கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் அந்த அட்டை தலைமையாசிரியையின் சின்ன மைவிக் காருக்குள் நுழையவில்லை. “நானே வச்சிருக்கேன் டீச்சர், அப்புறம் அனுப்புறேன்” என்று சொல்லி, தம் பேருந்து ஒன்றில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

ரபேல் கடையிலிருந்து டயர் வந்தது. கூடவே பில்லும் வந்தது. “சும்மா கணக்குக்குப் போடுறான்” என்றார் ஹேமநாதன். ஓர் ஆண்டு முழுக்கக் கணக்குக்குப் போட்டதில் தொகை அறுபதாயிரத்தைத் தாண்டியது. பிறகு ரபேலின் வக்கீல் அமண்டாவிடமிருந்து கோரிக்கை அறிவிப்பு வந்தது. மூன்று வாரத்துக்குள் பணத்தைக் கட்டு. கட்டாவிட்டால் கடனைத் தீர்க்க வக்கில்லாத நிறுவனம் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டு உன் நிறுவனத்தைக் கலைப்போம் என்பது அதன் சாரம். மொழி அதைவிட மரியாதையாக இருந்தது.

ஹேமநாதனை உறுத்தியது தொகை அல்ல, ‘வக்கில்லாத’ என்பதுதான்.

“என்னயப் பாத்து! பொன்னாடை போத்துன கை இன்னும் காயல, அதுக்குள்ள!” என்றார் யுகேந்திரனிடம். ஜொகூர் பாருவில் ஒரு மாடிக் கடைவீட்டில் இருந்தது யுகேந்திரனின் அலுவலகம். இளைஞர். கழுத்துப்பட்டை எப்போதும் சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

“அங்கிள், நீங்க இந்தக் கடனையே ஒத்துக்கலன்னு காட்டணும்” என்றார் யுகேந்திரன். “சண்டையில இருக்கிற கடனுக்கு இந்த மாதிரி அறிவிப்பு அனுப்பக் கூடாது. தடையாணை கேக்கலாம். ஆனா ஒரு ஆதாரம் வேணும்.”

“ஆதாரமா? வீடியோவே இருக்கு!”

விருந்து முழுவதையும் ஒருவர் படம் பிடித்திருந்தார். ரபேல் பேசிய இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும் என்றார் யுகேந்திரன். ஹேமநாதனுக்கு அதில் உடன்பாடு இல்லை.

“முழுசையும் போடுங்க தம்பி.”

“முழுசும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது அங்கிள். உங்க பேச்சே பாதி.”

“அதான் சொல்றேன். நான் யாருன்னு ஜட்ஜுக்குத் தெரிய வேண்டாமா? கோர்ட்டு ரெக்கார்டுல நிக்கட்டும்.”

“தமிழ்ல இருக்கிறதெல்லாம் மலாயில மொழிபெயர்க்கணும். பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு.”

“காசப் பாத்தா நீதி கெடைக்குமா?”

முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டது. அறிவிப்பாளர் ஹேமநாதனை அழைத்த அடைமொழிகளுக்கு மலாயில் சொல் கிடைக்காமல், மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் முழுக்க ‘மதிப்பிற்குரிய’ என்றே போட்டுவிட்டார். அதற்கும் பக்கக் கட்டணம் உண்டு. பென்ட்ரைவும் மொழிபெயர்ப்பும் ஹேமநாதனின் பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றத்துக்குப் போயின.

பென்ட்ரைவைப் பார்த்த அமண்டா தம் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, இந்த வழியில் போனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்று சொன்னார். ரபேல், தாம் பொன்னாடையோடு அழுவதை ஒரு முறை பார்த்தார். இரண்டாம் முறை பார்க்க மறுத்தார். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையில் கஸ்தூரியும் ரபேலின் மனைவி அமலோற்பவமும் டயர் கடையின் கல்லாவுக்கு இருபுறமும் உட்கார்ந்து, கொள்முதல் விலைக்குக் கணக்குப் பார்த்து, மாதத் தவணை பேசி முடித்துவிட்டார்கள். டயர் இல்லாமல் பேருந்து ஓடாது. பேருந்து ஓடாமல் டயர் கடைக்குப் பணம் வராது. இதற்கு அவர்களுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. கஸ்தூரி கட்டும் தவணையை ஹேமநாதன் ‘நல்லெண்ணத் தொகை’ என்று குறிப்பிட்டார். கடன் என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் பயன்படுத்தக் கூடாது.

ஆக, கடன் சண்டை தீர்ந்தது, அறிவிப்பு போயிற்று, மிச்சம் ஒன்றே ஒன்று: வழக்குச் செலவு. இல்லாத அறிவிப்பை எதிர்த்துப் போட்ட வழக்கின் செலவை யார் தருவது?

‘அவன் அனுப்பியதால்தான் நான் கோர்ட்டுக்குப் போனேன், அவன் தரட்டும்’ என்றார் ஹேமநாதன். ‘பெருந்தன்மையாகத் திரும்பப் பெற்றவன் நான்; எனக்கு அவர் தரட்டும்’ என்றார் ரபேல். கடனுக்காக எழுதிக்கொண்ட கடிதங்களைவிடச் செலவுக்காக எழுதிக்கொண்டவை அதிகம். ஒவ்வொரு கடிதத்துக்கும் செலவு ஏறியது. ஏறிய செலவையும் சேர்த்துக் கேட்டு அடுத்த கடிதம் போயிற்று.

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து கஸ்தூரிக்கு மின்னஞ்சல் வந்தது. பேருந்துகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தொழிற்சாலைக்குத்தான் ஓடின. ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம். நிறுவனத்தின் பேரில் எந்த வழக்கும் நிலுவையில் இல்லை என்று மாத முடிவுக்குள் எழுதித் தர வேண்டும். பிறகு வண்டிகளைச் சோதிக்க ஆள் வருவார்கள். எழுதித் தராவிட்டால் வேறு நிறுவனம் பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் போனால் வங்கித் தவணை நிற்கும். தவணை நின்றால் வங்கி முதலில் தேடி வருவது கையெழுத்துப் போட்ட இருவரை. அந்த இருவரில் ஒருவர் நீதிக்காகப் போராடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இந்தச் செலவு கேஸ விட்டுடுங்க” என்றார் கஸ்தூரி. பேருந்து நிறுத்துமிடத்தை ஒட்டிய தகரக் கூரை அலுவலகம். மின்விசிறி சத்தம் போட்டது, காற்று வரவில்லை. “அவுங்கவுங்க செலவு அவுங்கவுங்களதுன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா நாளைக்கே முடிஞ்சிரும்னு யுகேந்திரன் சொல்றான்.”

“அவன் சொல்லுவான். அவனுக்கென்ன, தன்மானமா?”

“அவனுக்கு ரெண்டாவது தவணை பாக்கி.”

“கஸ்தூரி, பணம் பெரிசில்ல. பதினஞ்சாயிரம் கேட்டேன். பத்துக்கு எறங்குனேன். அஞ்சுக்கு எறங்குனேன். என்னா எறங்கல நானு?”

“பஸ்ஸுலேர்ந்தே எறங்கப் போறோம்.”

அப்போது ஓட்டுநர் வேலு வாசலில் வந்து நின்றார். சட்டை தோள்பட்டையில் ஈரம்.

“அக்கா, நாலாம் நம்பர் பின்கண்ணாடி போயிருச்சி. லோரிலேர்ந்து கல்லு தெறிச்சி அப்பிடியே கொட்டிருச்சி. மழ உள்ளாற அடிக்கிது. நேப்பாளப் பையனுங்க குடை புடிச்சிக்கிட்டு ஒக்காந்து வர்றானுங்க.”

“அலமாக். கண்ணாடிக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சி. அடுத்த வாரமாம்.”

“அது வரைக்கும் எதையாச்சும் வச்சி அடைங்க வேலு.”

“என்னாத்த வக்கிறது?”

“ஆபீசுல அட்ட கிட்ட கெடக்கும், பாருங்க. தண்ணி எறங்காததா பாத்து எடுங்க.” கஸ்தூரி கணவன் பக்கம் திரும்பினார். “சரி, கடைசியா என்னா வேணும் ஒங்களுக்கு? ஒரு தொகை சொல்லுங்க.”

ஹேமநாதன் எழுந்து, மேடையில் நிற்பதைப் போல் நின்றார். மூச்சை உள்ளிழுத்தார்.

“ஒரு வெள்ளி.”

“என்னது?”

“ஒரே ஒரு வெள்ளி. செலவுன்னு சொல்லி அவன் குடுக்கணும். தப்பு அவன் மேலன்னு அர்த்தம். மத்ததெல்லாம் நான் மன்னிச்சிட்டேன்.”

யுகேந்திரன் இதைக் கடிதமாக எழுதி அமண்டாவுக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் எழுத அவர் போட்ட கட்டணம் இருநூறு வெள்ளி. ஒரு வெள்ளிகூடத் தர முடியாது என்று அமண்டா எழுதிய பதிலுக்கு எவ்வளவு என்பது ரபேலுக்குத்தான் தெரியும்.

கஸ்தூரி தவணை கட்டப் போனபோது டயர் கடையில் அமலோற்பவம் கல்லாவில் உட்கார்ந்து கடையிலிருந்து தாப்பாவ் கட்டிவந்த மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இயந்திரம் ஒன்று டயரைச் சக்கர விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தது.

“வாங்க கஸ்தூரி. ஒக்காருங்க. டயர் நாத்தம் பாக்காதீங்க.”

“வீட்டுச் சோத்துலயே இப்ப அந்த நாத்தந்தாங்க்கா வருது.”

“எங்க வீட்டுல என்னா மல்லிப்பூவா மணக்குது? ஞாயித்துக்கெழம பூசையில இந்த ஆளு வாய்க்குள்ளாறயே மொனகிக்கிட்டு இருந்தாரு. செபமாலதான் சொல்றாரோன்னு எனக்கு ஒரே சந்தோசம். கிட்டப் போயிக் கேட்டா, ‘ஒரு வெள்ளி, ஒரு வெள்ளி’ங்கிறாரு.”

கஸ்தூரி சிரிக்க முயன்றார். பாதியில் நின்றுவிட்டது. “அக்கா, மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா எங்க காண்ட்ராக்டு போயிரும். அப்பறம் ஒங்க தவணையும் போயிரும்.”

அமலோற்பவம் கரண்டியை வைத்துவிட்டு கல்லாவைத் திறந்து, நீல நிற ஒரு வெள்ளித் தாளை எடுத்து நீட்டினார்.

“இந்தாங்க. ரபேல் குடுத்ததாச் சொல்லுங்க. இந்த ஆளுகிட்ட, ஒங்க வீட்டுக்காரரு மன்னிப்புக் கேட்டுட்டாருன்னு நான் சொல்லிர்றேன்.”

“பொய்யிக்கா அது.”

“ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்னு. நான் சனிக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லிக்கிறேன் லா.”

கஸ்தூரி தாளைக் கைப்பையின் தனி அறையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் ஆறு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது.

ஹேமநாதன் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவன் கையால குடுத்தானா?”

“ஆமாங்க.”

“என்னா சொல்லிக் குடுத்தான்?”

“ஒன்னும் சொல்லல. குடுத்தாரு.”

“ஒன்னும் சொல்லாம எப்படி?” தாளை மேசைமேல் வைத்தார். “டயர் தரேன்னு சொன்னது எங்க? மேடையில. முந்நூறு பேரு முன்னாடி. இத மட்டும் ஒன்கிட்ட ஒளிச்சிக் குடுத்தா அதுல என்னா இருக்கு? சங்கத்து விருந்து வருதுல்ல, அதுல மேடையேறட்டும். மைக்குல சொல்லட்டும். ஒரு வெள்ளிக்கி நல்லா பெருசா மாதிரிக் காசோல அடிச்சிருவோம். நானே பணங்கட்டுறேன். அவன் குடுக்கிறான், நான் வாங்கிக்கிறேன், அவனுக்கு ஒரு பொன்னாடை. முடிஞ்சிது.”

கஸ்தூரி வெள்ளித் தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, தெருமுனைக் கடைக்கு நடந்து, ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி அங்கேயே நின்று குடித்தார். சமரசம் அத்துடன் முடிந்தது.

விசாரணை மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. ஹேமநாதன் கோட்டு போட்டு வந்திருந்தார். ரபேலும் கோட்டு போட்டிருந்தார். கல்யாணத்துக்குத் தைத்தது, பொத்தான் எட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில் அமலோற்பவம். பார்வையாளர் பெஞ்சில் இரு குடும்பங்களுக்கும் இடையே ஒரு முழு பெஞ்சு காலியாக இருந்தது. மனைவியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து லேசாகத் தலையசைத்துக்கொண்டார்கள்.

நீதிபதி மலாய்க்காரப் பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முந்தைய வழக்கிலேயே களைத்துப் போன முகம்.

“கடன் சம்பந்தமாக இப்போது எந்தச் சண்டையும் இல்லை, சரிதானா?”

“இல்லை, யாங் ஆரிஃப்” என்று நீதிபதிக்குரிய மலாய் விளியோடு சொன்னார்கள் இரண்டு வக்கீல்களும்.

“அறிவிப்பும் இல்லை.”

“இல்லை, யாங் ஆரிஃப்.”

“அப்படியானால் செலவு மட்டும். எவ்வளவு?”

யுகேந்திரன் தொண்டையைச் செருமினார். “ஒரு ரிங்கிட், யாங் ஆரிஃப்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எழுத்தர் தட்டச்சை நிறுத்திவிட்டு, சரியாகக் கேட்டோமா என்று திரும்பிப் பார்த்தார்.

யுகேந்திரன் சுருக்கமாகவே பேசினார். மேடையில் ரபேல் சொன்ன வாக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அறிவிப்பு அனுப்பியிருக்கவே கூடாது. எனவே செலவு ரபேலுடையது. பிறகு அமண்டா எழுந்தார். செலவை முடிவுசெய்யும்போது இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தையும் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார். மேடையில் சொல்லப்படுவதெல்லாம் அப்படியே நிறைவேற்றப்பட வேண்டும் என்பது வாதியின் கட்சி. அந்த நம்பிக்கை வாதிக்கு உண்மையிலேயே இருந்ததா என்று பார்க்கலாம். பார்ப்பதற்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. வாதியே தாக்கல் செய்த பென்ட்ரைவில் இருக்கிறது. ரபேல் பேசி முடித்ததற்குப் பிறகு.

திரையில் விருந்து ஓடியது. நீதிமன்றத்தின் குளிரில் கைதட்டல் வேறு விதமாகக் கேட்டது. ஹேமநாதன் திரையில் தம்மைக் கண்டதும் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் இருந்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “சொல்றவன் நான் இல்ல! செய்றவன்! என் பேச்சு வேற, என் செக்கு வேற கெடையாது!” என்று முழங்கி, ஆள் உயர அட்டையைத் தூக்கித் தலைமையாசிரியையிடம் கொடுத்தார். அட்டைக்குப் பின்னால் தலைமையாசிரியை முழுவதும் மறைந்துபோனார். மொழிபெயர்ப்பில் நீதிபதி அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

“இந்தக் காசோலை மாற்றப்பட்டதா?”

“அது மாதிரிக் காசோலை, யாங் ஆரிஃப்” என்றார் யுகேந்திரன்.

“அதன் நீளத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உண்மையான காசோலையைக் கேட்கிறேன்.”

யுகேந்திரன் திரும்பி ஹேமநாதனைப் பார்த்தார். ஹேமநாதன் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமநாதன் மெல்ல எழுந்தார்.

“மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே, ஒரு சமுதாயத்தின் கல்வி என்பது—”

“உட்காரச் சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

யுகேந்திரன் அருகில் வந்து குனிந்தார். “அங்கிள், குடுத்தாச்சா இல்லையா? ஒரு வார்த்த.”

“குடுக்கிற எண்ணம் இருக்குன்னு சொல்லுங்க தம்பி.”

“எண்ணம் இருக்கிறது, யாங் ஆரிஃப்” என்றார் யுகேந்திரன்.

ரபேல் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. அமலோற்பவத்தின் முழங்கை பட்டதும் அது இருமலாயிற்று. நீதிபதி அவரையும் பார்த்தார்.

“அவரும் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு வருட டயரைக் கண்ணீரோடு அறிவித்துவிட்டு பில் அனுப்பியவர் அவர்.” ஏதோ எழுதினார். “இரண்டு பேரும் மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் செய்யவில்லை. செலவு குறித்து உத்தரவு எதுவும் இல்லை. அவரவர் செலவு அவரவருடையது. வழக்கு முடிந்தது. அடுத்தது.”

வெளியே நடைக்கூடத்தில் யுகேந்திரன் கோப்பைக் கட்டிக்கொண்டே, “மேல்முறையீடு பண்ணலாம் அங்கிள், ஆனா—” என்று ஆரம்பித்தார்.

“பண்ணல” என்றார் கஸ்தூரி. “கேஸ் முடிஞ்சதுன்னு ஒரு கடிதம் குடுங்க. இன்னிக்கே வேணும்.”

“குடுக்கிறேன் ஆன்ட்டி. அந்த ரெண்டாவது தவணை...”

“அதையும் நான்தான் கட்டுவேன், வேற யாரு?”

மின்தூக்கியில் இரு குடும்பங்களும் ஒன்றாக மாட்டிக்கொண்டன. கதவு மூடியது. மெதுவாக இறங்கியது. ரபேல் தம் வயிற்றைப் பிடித்திருந்த கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“அண்ணே.”

ஹேமநாதன் மின்தூக்கியின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ரெண்டாம் நம்பர் பஸ்ஸு நேத்து தாமான் பக்கம் போச்சி. முன்டயர் ரெண்டும் வழுக்கயா இருக்கு. ஆளுங்க உசிரு. அனுப்பி வைங்க.”

எண் ஒன்று குறைந்தது.

“பில்லு போடுவியா?” என்றார் ஹேமநாதன்.

“போடுவேன்.”

“போடு.”

அமலோற்பவம் கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். ஹேமநாதனும் வாங்கிக்கொண்டார்.

கஸ்தூரி அன்று மாலையே கடிதத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். மறுநாள் வண்டிகளைச் சோதிக்க அதிகாரி ஒருவர் வந்தார். இருக்கை வார், தீயணைப்பான், டயர் எல்லாம் பார்த்தார். ரபேல் கடையிலிருந்து அப்போதுதான் வந்த முன்டயர்களைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஹேமநாதன் கூடவே நடந்து, இந்த நிறுவனம் சமுதாயத்துக்கு ஆற்றிவரும் தொண்டைப் பற்றி மலாயில் விளக்கினார். விளக்கம் முன்பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்க, அதிகாரி தனியாக நான்காம் எண் வண்டியின் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்று, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை அந்த வாரமே வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்தது, மூன்று மாதத்துக்கு மட்டும். குறையைச் சரிசெய்தால் மீதியைப் பார்க்கலாம் என்று இருந்தது. கஸ்தூரி மூச்சை விட்டார். மூன்று மாதம் என்பது மூன்று வங்கித் தவணை. பிறகு குறை என்னவென்று பார்க்க அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அதில் ஒரு படம் இருந்தது. நான்காம் எண் பேருந்தில், இன்னும் வந்து சேராத பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், நாலு மூலையும் பசைநாடாவால் ஒட்டி, ஹேமநாதன் பெயரில் பள்ளி மண்டபத்துக்கு இருபதாயிரம் வெள்ளிக்கான காசோலை இருந்தது. எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது. நாலாம் எண் வண்டி தினமும் காலையில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டி. பத்து நாளாக அது பள்ளி வாசலில் பின்பக்கத்தைக் காட்டியபடிதான் நிறுத்தப்பட்டிருந்தது.